இரண்டாயிரம் ரூபாய்க்கு ஐந்து பவுன்

எங்கள் குப்பத்தில் பீரோ இல்லாத வீடு கிடையாது. கல்யாணத்துக்குத் தாய் வீட்டுச் சீராக வந்த பீரோ, நடுவில் ஆளுயரக் கண்ணாடி, உள்ளே ஒரு சின்ன லாக்கர், அதற்குத் தனிச் சாவி. அந்த லாக்கரில் ரேஷன் கார்டு இருக்கும், பழைய கரண்ட் பில் இருக்கும், குழந்தையின் முதல் மொட்டை முடிகூட இருக்கும். நகை மட்டும் இருக்காது. நகை இருக்குமிடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், சேட்டு கடை.

திருவொற்றியூர்க் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டு, காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் பில் எழுதுகிறவள் நான். என் புருஷன் விசைப்படகில் டிரைவர். சித்திரை பிறந்தால் இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது; மீன் குஞ்சு பொரிக்கிற காலமாம், சர்க்கார் தடை. மீனுக்கு அது பிரசவ லீவு. எங்களுக்கு அது அடகுக் காலம். தடை தொடங்குவதற்கு முந்தைய வாரம் சேட்டு கடையில் நிற்கும் கூட்டத்தைக் கோயில் திருவிழாவில்கூடப் பார்க்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் இரண்டு சாதி உண்டு. உண்மையிலேயே அரிசி பருப்புக்கு அடகு வைக்க வந்தவர்கள் ஒரு பக்கம். அவர்கள் சத்தமாகப் பேசுவார்கள், இன்னும் ஆயிரம் சேர்த்துக் கொடு என்று சேட்டோடு மல்லுக்கட்டுவார்கள். இன்னொரு பக்கம், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். அவர்கள்தான் பணம் தேவைப்படாதவர்கள். பத்து வருஷம் நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

நான் அடகு வைக்கப் போன முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். சேட்டு என்றால் வடக்கிலிருந்து நேற்று வந்தவர் இல்லை. அவர் பிறந்தது கொருக்குப்பேட்டையில். என்னைவிடச் சுத்தமான மெட்ராஸ் பாஷை பேசுவார். நகையைக் கையில் வாங்கியதும் அதைப் பார்க்க மாட்டார். முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார். கண் எவ்வளவு கலங்கியிருக்கிறதோ அவ்வளவு விலை இறங்கும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. அப்புறம் கறுப்புக் கல்லில் ஓர் உரசு, அதன்மேல் ஒரு சொட்டு திராவகம், பூதக்கண்ணாடி, தராசு. பிறகு கழித்தல் ஆரம்பிக்கும். பற்றவைத்த இடத்துக்குக் கொஞ்சம், கொக்கிக்குக் கொஞ்சம், அழுக்குக்குக் கொஞ்சம். நம் கழுத்து அழுக்கு எத்தனை மில்லிகிராம் என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று நம்மிடம் உருவினார்களே, அதெல்லாம் சேட்டு கடை வாசற்படி ஏறும்போதே ஆவியாகிவிட்டிருக்கும். அம்மா செய்துபோட்டது, ஆத்தா கோயிலில் வைத்துப் பூசை செய்தது, இதற்கெல்லாம் சுழி.

நான் கொடுத்தது ஐந்து பவுன் இரட்டைவடச் சங்கிலி. என் அம்மா மீன் கூடையைத் தலையில் சுமந்து மணலிக்கும் மணலி புதுநகருக்கும் நடந்தே போய் விற்று, ஐம்பதும் நூறுமாகச் சீட்டுக் கட்டிச் செய்துபோட்டது. சேட்டு எடை போட்டார், கழித்தார், கணக்கியந்திரத்தைத் தட்டினார்.

"எழுபதாயிரம் வரைக்கும் தர்லாம்மா. எவ்ளோ வோணும்?"

"ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரமா? அதுக்கு கம்மல் திருகாணிய வெச்சா பத்தாது? செயின எதுக்கு வெக்கற?"

"அதுக்கும் கம்மியா தர முடியும்னா குடுங்க."

அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "வூட்டுக்காரரு குடிப்பாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "சீட்டாட்டமா?" அதுவும் இல்லை. "பின்ன இன்னாதாம்மா பேஜாரு?" என்றார். நான் சொன்னேன்: "நல்லவரு."

என் புருஷன் நல்லவர். இதைப் புகாராகத்தான் சொல்கிறேன். குடிகாரனைக் கட்டியிருந்தால் தெருவே எனக்காகப் பரிதாபப்பட்டிருக்கும். கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிறவரைக் கட்டியதால் எல்லாரும் என்னைப் பார்த்து "குடுத்து வெச்சவ" என்று பொறாமைப்பட்டார்கள். யார் கொடுத்தது, எங்கே வைத்தது என்று எனக்குத்தானே தெரியும். கல்யாணமான முதல் வருஷம், அவருடைய தோஸ்து ஒருவரின் அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். "ரெண்டே மாசம்மே" என்று இவர் என் ஜோடி வளையலைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். இதே சேட்டு கடையில்தான் தன் பெயரில் வைத்துப் பணத்தைத் தோஸ்திடம் கொடுத்தார். தோஸ்து திருப்பித் தரவில்லை. இவர் கேட்கவும் இல்லை. கெடு தாண்டி வளையல் மூழ்கிப்போனது. சேட்டு உருக்கிவிட்டார்.

நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சோறு ஆக்கவில்லை. "போனா போவுதுமே. உசுருக்கு முன்னால வளையலு இன்னா பெருசு" என்றார். அந்த உயிர் இன்றைக்கும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது. வழியில் பார்த்தால் "இன்னாம்மா மெலிஞ்சிட்டியே" என்று என் வெறுங்கையைப் பிடித்து விசாரிக்கும்.

சங்கிலியும் அந்த வழியில் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. தடைக்காலத்தில் இவருடைய தோஸ்துகள் எல்லாரும் வேலையில்லாமல் வலை பின்னிக்கொண்டு குந்தியிருப்பார்கள். ஆளுக்கொரு கஷ்டம் இருக்கும். இவருக்கு அத்தனையும் தன் கஷ்டம். பீரோவில் நகை இருந்தால் இவர் வாயில் 'இல்லை' வராது. அதுவே இரண்டாயிரத்துக்கு அடகில் கிடந்தால்? என் கையெழுத்தும் ரசீதும் இல்லாமல் யாரும் தொட முடியாது. பேங்க் லாக்கருக்கு வருஷ வாடகை, அதற்கு ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்கு ஒரு சிபாரிசு. சேட்டு கடை லாக்கருக்கு இரண்டாயிரத்துக்கு இரண்டு மாத வட்டி. அதுவும் முன்பணமாக அவரே நமக்கு இரண்டாயிரம் தருகிறார்!

எல்லாரும் விலையை ஏற்றுவதற்குப் போராடும் கடையில் நாங்கள் விலையை இறக்கப் போராடினோம். எங்கள் தெருவில் எத்தனை பேர் இப்படி என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சேட்டு ஒருவருக்குத்தான் கணக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தால் குப்பத்தில் பாதிக் குடும்பம் சந்திக்கு வந்துவிடும்.

ரசீதை நான் வைத்த இடம் மிளகாய்த்தூள் டப்பா. என் புருஷன் ஆழ்கடலில் புயலுக்கு நடுவே படகைத் திருப்புவார். சமையலறையில் ஒரு டப்பாவின் மூடியைத் திறந்ததில்லை. ஆனி மாதம் மீட்கப் போகும்போது சேட்டு ரசீதை வாங்கியதும் இரண்டு தும்மல் போடுவார். "ஐஸ் கம்பெனி அம்மாவா" என்பார், பெயரைப் படிக்காமலே.

இப்படியே பத்து வருஷம். அப்புறம் எனக்குத் திமிர் வந்தது.

அந்த வருஷம் தடை முடிந்தும் நான் சங்கிலியை மீட்கவில்லை. சொந்தத்தில் கல்யாணம் எதுவும் இல்லை. ஐஸ் கம்பெனியில் சீசன் வேலை முதுகை ஒடித்தது. இருக்கட்டும், நம் பீரோவைவிட அங்கே பத்திரம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷமும் மேலே ஏழு நாளும் தாண்டினால் பொருளை ஏலம் விடலாம் என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. பில் எழுதிப் பிழைக்கிறவள்தான் நான், அதைப் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இருந்ததில்லை. கெடு நெருங்கியவர்களுக்குச் சேட்டே ஆள் சொல்லி அனுப்புவது வழக்கம்; எனக்கும் அனுப்புவார் என்று இருந்தேன்: "ஐஸ் கம்பெனி அம்மாவை அவங்க பொருளு கூப்புடுதுன்னு சொல்லு."

ஆனால் கெடு வந்த சித்திரையில் சேட்டுக்குக் கண்ணில் ஆபரேஷன். கடையில் அவர் மகன் உட்கார்ந்தான், கம்ப்யூட்டரோடு. தங்கமான பையன். எல்லாரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவான். கம்ப்யூட்டருக்கு அந்த உறவுமுறை எதுவும் தெரியாது. ஏழாம் நாள் தாண்டியதும் அது ஒரு நோட்டீஸை அச்சடித்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்தேன். தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தவர் அவர். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவர்.

சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தலைப்பில் சேட்டு கடைப் பெயர். மாட்டிக்கொண்டேன், பத்து வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்குக் கச்சேரி என்று நினைத்தேன்.

"ரெண்டாயிரம் ரூபாமே" என்றார். "ரெண்டாயிரத்துக்கா உங்கம்மா செயின கொண்டும்போய் வெச்ச? அந்த அளவுக்கா கஷ்டப்பட்டுகினு இருந்த? என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. மனிதர் என்னைச் சந்தேகப்படவில்லை. வீட்டில் உலை வைக்க வழியில்லாமல், அவரிடம் சொல்லவும் மனசில்லாமல், அம்மா போட்ட சங்கிலியை அடிமாட்டு விலைக்கு வைத்துக் குடும்பத்தை ஓட்டியிருக்கிறாள் என் பெண்சாதி என்று முடிவுகட்டியிருந்தார். என்னை ஒரு பத்தினித் தெய்வமாக்கிவிட்டு, அதன் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன்னிடமிருந்து காப்பாற்றத்தான் வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்போ கைல இல்ல" என்று சொன்னேன். வெட்கக்கேடு.

"ஊருக்கெல்லாம் குடுத்துகினு வூட்ட வுட்டுட்டேன்மே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். நான் கத்தி ஏறாதது ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஏலம். அசல், வட்டி, நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். என்னிடம் அரிசி டிரம்மில் ஆறாயிரம் இருந்தது. எடுக்க முடியுமா? இரண்டாயிரத்துக்கு வழியில்லாத பத்தினிக்கு ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்? என் பொய்யே என் கையைக் கட்டிப்போட்டது. ஐந்து பவுன் ஏலத்தில் போகப்போகிறது, பணத்தின் மேல் அரிசியைக் கொட்டிவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கொடுத்த பணத்தைக் கேட்கப் போனார். மூன்று நாள் அலைந்தார். ஒருவர் முந்நூறு கொடுத்தார். எட்டாயிரம் வாங்கியவர் கட்டிப்பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, இவரிடமே பஸ்ஸுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எர்ணாவூரில் ஒருவர் பணத்துக்குப் பதில் அரை மூட்டை கருவாடு கொடுத்தார். அதைத் தோளில் தூக்கிவந்து மார்க்கெட்டில் விற்றார். வளையல் விழுங்கிய தோஸ்து ஐந்நூறு கொடுத்தாராம். அவருடைய அம்மா ஆசீர்வாதம் கொடுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கசங்கிய நோட்டுகளைத் தரையில் பரப்பி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். அந்த மனிதரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"நானே போய் வாங்கிகினு வர்றேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ கம்பெனிக்குப் போ. நான்தான் மூட்டுகினு வருவேன்."

ரசீதின் பின்னால் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ளலாம் என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தது. போட்டுக் கொடுத்தேன். வாங்கியதும் இரண்டு தும்மல் போட்டார். "இன்னாமே மொளகா நெடி?" என்றார். சமையலறையில் வைத்திருந்தேன் என்றேன். அது ஒன்றாவது உண்மை.

வெள்ளிக்கிழமை ஐஸ் கம்பெனியில் என்னால் ஒரு பில்லை ஒழுங்காக எழுத முடியவில்லை. சங்கிலி வந்துவிடும், சரி. ஆனால் சேட்டு வாயைத் திறந்துவிட்டால்? ஆபரேஷன் முடிந்து அவர் கடைக்கு வரத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. பதினொரு மணி வாக்கில் பொறுக்க முடியாமல் கடைக்குப் போன் போட்டேன். மகன் எடுத்தான்.

"தம்பி, ஐஸ் கம்பெனிலருந்து பேசறேன். எங்க வூட்டுக்காரரு நகை மூட்ட வருவாரு. அவராண்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"இன்னாக்கா சொல்லக் கூடாது?"

"அதான், ஏன் கம்மியா வெச்சேன்னு. அப்பாவாண்ட சொல்லிடு, அவருக்குத் தெரியும்."

"இருங்கக்கா" என்றவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினான். "அப்பா! ஐஸ் கம்பெனி அக்கா! கம்மியா வெச்ச மேட்டர புருஷன் கைல சொல்லக் கூடாதாம்!"

அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோனது. ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு சேட்டின் குரல், ரொம்ப மெதுவாக: "சரிம்மா. சொல்லல." வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவர் சங்கிலியைச் சாமி படத்தின் முன்னால் வைத்திருந்தார். எடுத்து அவரே என் கழுத்தில் போட்டார். கொக்கி மாட்டத் தெரியாமல் ஐந்து நிமிஷம் தடுமாறினார்.

"சேட்டு இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"இன்னா சொல்லுவாரு? எட சரியா கீதான்னு பாத்துக்கோன்னாரு."

அப்பாடா என்று இருந்தது. தப்பித்தேன் என்று ஆத்தாளுக்கு ஒரு தேங்காய்கூட உடைத்தேன்.

அடுத்த சித்திரை வந்தது. தடை தொடங்கும்போது சங்கிலி முதன்முறையாகப் பீரோவில் இருந்தது. வைக்கப் போக எனக்கு முகமில்லை. கருவாடு தூக்கி மீட்டவர் முன்னால் எப்படிப் போய் மறுபடி வைப்பது? ஒரு நாளைக்கு இரண்டு தடவை லாக்கரைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். நான் பயந்தபடியே தடை தொடங்கிய நாலாம் நாள் தோஸ்து ஒருவர் வந்தார். படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிறாராம், உதிரிப் பாகம் வாங்கப் பணமில்லையாம். நான் உள்ளே கருவாடு அரிந்துகொண்டிருந்தேன்.

"அண்ணி செயினு கீதுல்ல மாமு? தடை முடிஞ்சதும் மூட்டிக் குடுத்துடறேன்."

அரிவதை நிறுத்திவிட்டேன். என் புருஷனின் வாயிலிருந்து 'சரி' வரப்போகும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"செயினா?" என்றார் அவர். "அது சேட்டு கடைலல்ல கீது."

"எவ்ளோக்கு?"

"ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரம்தானா! இப்பவே கட்டி எடுத்து, மேல வெச்சிக்கலாம் மாமு."

"அவ கையெழுத்து இல்லாம ஒண்ணியும் ஆவாது. தோ, உள்ளதான் கீறா. நீயே கேளு."

தோஸ்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நானும் என் கையிலிருந்த கத்தியும் அவரைப் பார்த்தோம். "அப்பால வர்றேன் மாமு" என்று கிளம்பிவிட்டார்.

நான் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தேன். "யோவ், செயினு பீரோலதான கீது?"

"ஆமா."

"சேட்டு சொல்ட்டாரா?"

"சேட்டு எங்க சொன்னாரு? அவரு புள்ள கத்தனானே. நான் அங்கதான் பெஞ்சுல குந்திகினு இருந்தேன்."

கருவாட்டுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஒரு வருஷமாச்சே. ஏன்யா ஒரு வார்த்த கேக்கல?"

"நீ பத்து வருஷம் சொல்லல. நான் ஒரு வருஷம் கேக்கல. இன்னா இப்போ?" என்றார். கூடவே, "நாளைக்கே போய் வெச்சிட்டு வந்துடுமே. இல்லாங்காட்டி நான் அவனாண்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

போனேன். சேட்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உரசினார், எடை போட்டார், அழுக்கைக் கழித்தார். "ரெண்டாயிரமா?" என்று அவரே கேட்டார். ரசீது எழுதும்போது, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"அன்னைக்கி உங்க வூட்டுக்காரரு செயின வாங்கிகினு உடனே போவலம்மா. பழைய நோட்டுல ஒரு ஜோடி வளையலு கீதா பாருங்கன்னாரு. ரெண்டு பவுனு, கோதும டிசைனு, ஒண்ணுல பூட்டாண்ட லேசா நெளிஞ்சிருக்கும்னாரு. அத்த உருக்கி எத்தினியோ வருசமாச்சு நைனான்னு சொன்னேன். ரொம்ப நேரம் பெஞ்சுலயே குந்திகினு இருந்துட்டு அப்பால போனாரு."

அந்த நெளிவை நானே மறந்துபோயிருந்தேன். போனால் போகிறது என்று சொன்ன மனிதர் அதைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேட்டு கடையில் அழுதால் விலை இறங்கும் என்று தெரிந்தும் அழுதேன். இதற்குமேல் இறங்க அங்கே என்ன இருந்தது?

ரசீதை மிளகாய்த்தூள் டப்பாவில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் கையில் கொடுத்தேன்.

"என்னாண்டயா? தொலச்சிடுவேன்மே" என்று பயந்தார். போன் உறைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

தொலைத்தார். ஆனி மாதம் மீட்கப் போனபோது, ரசீது காணவில்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்குத் தனியாக ஐம்பது ரூபாய் கட்டி, சேட்டு மகனின் கம்ப்யூட்டர் சம்மதிக்கும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ரயில்வே கேட்டிலிருந்து வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இந்த வருஷ ரசீதும் அவரிடம்தான் இருக்கிறது.